மாவடிப்பள்ளியின் காலக்கணக்கு

காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதி, கடற்கரை மணலை விட்டு நீங்கியதும் வயல்வெளியினுள் இறங்கிவிடுகின்றது. இருமருங்கும் வட்டைகள், இடையிடையே மதகுகள், மாரிகாலத்தில் வீதிக்கும் வயலுக்கும் வேறுபாடு தெரியாதபடி பரந்து கிடக்கும் வெள்ளம். அவ்வெளியின் நடுவே அமைந்த சிற்றூர் மாவடிப்பள்ளி. பெயரைக் கேட்ட அளவில் ஒரு காட்சி மனத்தில் எழுகின்றது. கிளை பரப்பிய மாமரம் ஒன்று. அதன் அடியில் ஓலை வேய்ந்த சிறு தொழுகைக் கூடம். வயலிலிருந்து வந்த உழவர் சிலர் கைகால் கழுவி நிழலில் அணிவகுத்து நிற்கின்றனர். இக்காட்சியை எவரும் நமக்குக் கூறவில்லை. இரண்டு சொற்கள் சேர்ந்து அதனைப் படைத்தன. பள்ளி என்னும் சொல் பழந்தமிழிற் சமண, பௌத்தத் துறவியரின் உறையுளுக்கும் வழங்கியது என்பதை நினைவு கூர்ந்தால் காட்சி சற்றே அசைகின்றது; ஆயினும் கலைவதில்லை. மனம் ஒருமுறை கண்டதாக எண்ணியதை எளிதில் விட்டுக்கொடுப்பதன்று.

ஊரின் வரலாறு என்று சொல்லப்படுவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பெயர் படைத்தது, எவ்வளவு பின்வந்தோர் வேண்டியது என்னும் வினாவுக்கு விடை காண மட்டக்களப்பின் தென்கரை நல்லதோர் இடம். 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் என்று தனியே பிரிக்கப்பட்ட இப்பகுதியில் எழுத்துச் சான்று குறைவு. நினைவுச் சான்று மிகுதி. அந்நினைவோ பஞ்சாங்கத்தின் வழியே நடப்பதில்லை.

இக்கரையின் முதியவர்களிடம் ஒரு செய்தி நடந்த ஆண்டைக் கேட்டால், எண்ணால் விடை கூறுவோர் குறைவு. "பெரும் புயலுக்கு முந்திய மாரி", "வெள்ளம் வந்த அடுத்த போகம்", "அணை கட்டுகிற காலம்" என்றே கணக்குச் சொல்வர். 1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஒரு தலைமுறைக்கு ஆண்டுத் தொடக்கமாயிற்று. 1957 டிசம்பர் வெள்ளம் மற்றொரு தலைமுறைக்கு. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி நாடு முழுவதிலும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்று, கிழக்கின் தென்னந்தோப்புக்களை மண்ணோடு படுக்க வைத்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு "புயலுக்குப் பிந்தியவர்" என்பதே வயது. 2004 டிசம்பர் 26 ஏனைய எல்லாக் கணக்கையும் விழுங்கிற்று.

இவற்றுக்கிடையே அழிவாக வராத ஓர் எல்லைக்கல்லும் உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமே அது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கால்வாய் வழியே கீழ்நில வயல்களுக்கு வந்தபின், வானம் பார்த்த முன்மாரி வேளாண்மையை மட்டும் அறிந்திருந்த வயல்கள் பலவற்றில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. போகம் இரண்டானால் ஆண்டின் வடிவமே மாறுகின்றது. விதைப்பு, காவல், அறுவடை, சூடு மிதிப்பு, அதன் பின் நீண்டதோர் ஓய்வு என்றிருந்த காலம் இரண்டாக மடிக்கப்பட்டது. "அந்தக் காலத்தில் பொழுது போவது மெதுவாக இருந்தது" என்று முதியோர் கூறுவதை வெறும் ஏக்கமாகத் தள்ளிவிடுதல் தகாது. நீண்ட ஓய்வு உண்மையாகவே இருந்தது. அது உண்மையாகவே போயிற்று.

நிகழ்ச்சியால் அளக்கும் இக்கணக்கிற் குறையும் உண்டு. இரண்டு வெள்ளங்கள் நாளடைவில் ஒன்றாகிவிடும். சிறு வெள்ளத்தில் நடந்தது பெருவெள்ளத்தின் கணக்கில் ஏறும். மூத்தவாப்பா கண்டதைக் கேட்டு வளர்ந்த பேரன், தன் ஐம்பதாம் வயதில் அதனைத் தானே கண்டதாகக் கூறுவான். அவன் பொய் கூறுகின்றான் என்பதன்று. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் பாட்லெட் 1932இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரைப் படிக்கச் செய்து, பின்னர் பலமுறை நினைவிலிருந்து கூறச் செய்தார். அவர்களுக்குப் பழக்கமில்லாதவை உதிர்ந்தன, மரத்தோணி படகாயிற்று, பொருந்தாதவை பொருந்தும்படி திருந்தின. நினைவு என்பது பெட்டியிற் கிடக்கும் பண்டம் அன்று, எடுக்குந்தோறும் மறுபடி செய்யப்படுவது என்று அவர் கண்டார். இதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னரே வட ஆபிரிக்காவில் வாழ்ந்து 430ஆம் ஆண்டில் மறைந்த அகுஸ்தீன், சென்ற காலம் இப்பொழுது எங்கே இருக்கின்றது என்று வினவி, நினைவில் மட்டுமே இருக்கின்றது என்று தம் தன்வரலாற்றின் பதினோராம் பகுதியில் எழுதினார். தத்துவமாகக் கேட்கும்போது இஃது அழகாக இருக்கின்றது. காணி எல்லைக்கு அதனைச் சான்றாகக் கொண்டுவரும்போது அழகு சற்றுக் குறைகின்றது.

நினைவு ஒருபுறம் நிற்க, காலத்தை அளக்கும் கோலே இங்கு ஒன்றன்று. உழவு சூரியனைப் பின்பற்றுகின்றது; ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மாதங்களும், கச்சான் காற்றும் வாடைக்காற்றும் அதன் குறிகள். தொழுகையின் நாளும் நோன்பும் சந்திரனைப் பின்பற்றுகின்றன. ஹிஜ்ரி ஆண்டுக்கு நாள் 354. எனவே ஒவ்வொரு பெருநாளும் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னே நகர்கின்றது. முப்பத்து மூன்று ஆண்டிற் பருவங்கள் அனைத்தையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தைச் சேர்கின்றது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் நடைபெறும் கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் மாதத்துக்கு உரியது. ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். கடற்கரைப் பள்ளியில் இருப்பது நினைவு மட்டுமே. ஒருவர் தம் பிள்ளைப் பருவத்துக் கொடியேற்றத்தை அறுவடை நெல்லின் மணத்தோடு நினைவு கூர்வார். அவர் மகன் அதே விழாவைக் கொட்டும் மழையோடு நினைவு கூர்வான். இருவரும் உண்மையே கூறுகின்றனர். சூரியக் கணக்கில் 66 வயதுடைய ஒருவர் சந்திரக் கணக்கில் 68 வயதுடையவர் என்பதையும் இவ்விடத்திற் கருதலாம். எது அவருடைய வயது?

மாதம் பிறப்பதும் முற்காலத்தில் ஊருக்கு ஊர் வேறுபடக்கூடியதாயிருந்தது. மேகம் மறைத்த ஊரில் நோன்பு. பிறை கண்ட அயலூரிற் பெருநாள். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறைத் தீர்மானத்தை வானொலி பரப்பத் தொடங்கிய பின்னரே நாடு முழுவதற்கும் ஒரே இரவில் மாதம் பிறக்கலாயிற்று. மேற்றிசை வானத்தில் இருந்த பிறை வானொலிப் பெட்டியினுள் வந்துவிட்டது என்று யாரேனும் நகைத்திருப்பின் அந்நகையில் தவறில்லை.

அரசாங்கமும் காலத்தோடு விளையாடியதுண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையிற் கிழமை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டிய போயா நாளும் அதன் முன்னாளுமே விடுமுறை. சிற்சில கிழமைகள் ஒரு நாள் நீண்டன; ஞாயிறு வேலை நாளாயிற்று. அவ்வாண்டுகளிற் பள்ளிக்கூடம் சென்றவர் "ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடந்தது" என்று ஒன்றைக் கூறினால், அறியாத இளைஞர் முதியவரின் நினைவு தடுமாறுகின்றது என்று எண்ணக்கூடும். தடுமாறியது நினைவன்று.

மணிக்கூடும் அவ்வாறே. 1996 மே மாதத்தில் மின்சாரச் சிக்கனத்துக்காக நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் எஞ்சிய அரை மணியும் குறைக்கப்பட்டுப் பழைய நிலைக்கு வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளிற் "புதிய நேரமா, பழைய நேரமா?" என்பது அன்றாடக் கேள்வி. போர் நடந்த வடகிழக்கின் சில பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தமையால், ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தவர் அரை மணி நேரத்தையும் கடந்தார். பாங்கொலி மட்டும் சூரியனையே கேட்டுக்கொண்டிருந்தது. 2004இன் ஆழிப்பேரலை காலை ஒன்பது மணியளவில் வந்தது என்று நினைவு கூர்வோர் கூறும் ஒன்பது, இன்றைய கடிகாரத்தில் எட்டரை. ஆண்டு நினைவில் மௌனம் காக்கும் நேரத்துக்கும் அலை வந்தபோது வானத்திற் சூரியன் நின்ற இடத்துக்கும் இடையே இந்த அரை மணி நிற்கின்றது. அந்நாளையே எத்தனை வகையாகக் குறிக்கலாம் என்று பார்த்தால், அது ஞாயிற்றுக்கிழமை, மார்கழி மாதம், பௌத்தருக்குப் போயா, முஸ்லிம்களுக்குத் துல்கஃதா மாதத்து நிறைநிலாவை ஒட்டிய நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு திங்களுக்கும் குறைவு. கிறித்தவருக்கு நத்தாரின் மறுநாள். ஒரே அலை ஐந்து நாட்காட்டிகளில் விழுந்தது.

இனிப் பழங்கதைக்கு வருவோம். மட்டக்களப்பு நாட்டிற் பரவலாகக் கூறப்படும் முக்குவர், திமிலர் போர்க் கதையில், நிலவுரிமைக்காக இரு சாராரும் மோத, முக்குவர் பட்டாணியர் எனப்படும் முஸ்லிம் வணிகரின் துணையை வேண்டினர்; வெற்றி கிட்டியபின் அவர்களுக்குத் தம் பெண்களை மணம் செய்வித்து, நிலமும் கொடுத்தனர் என்பது செய்தி. தோற்ற திமிலர் வடக்கே துரத்தப்பட்டனர். இக்கதைக்கு நாளும் ஆண்டும் இல்லை. ஆனால் இடங்கள் உண்டு. பகைவரைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். வெற்றி பெற்றோர் வந்து இளைப்பாறிய இடம் வந்தாறுமூலை. சந்தித்த வெளி சந்திவெளி என்று ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் கூறுவர். மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் வீதியில் இவ்வூர்கள் இதே ஒழுங்கில் வருகின்றன. பயணம் செய்பவன் வீதியில் மட்டும் செல்வதில்லை, கதையிலும் செல்கின்றான். ஊர்கள் கதையைக் காட்டுகின்றனவா, கதை ஊர்ப்பெயருக்காகக் கட்டப்பட்டதா என்றால், பின்னதற்கே இடம் அதிகம் என்று தோன்றுகின்றது; பெயர்விளக்கக் கதைகள் எங்கும் அவ்வாறே பிறக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ஆல்புவாக்ஸ் 1941இல் பலஸ்தீனப் புனித இடங்களை ஆராய்ந்து, நம்பிக்கையாளர் கூட்டம் தன் நினைவை நிலத்திற் பதித்து வைக்கின்றது என்றும், கூட்டத்தின் தேவை மாறும்போது இடங்களும் மாறுகின்றன என்றும் காட்டினார். அவர் 1945இல் புக்கன்வால்டு வதைமுகாமில் உயிர்நீத்தார்.

கதை பிற்காலத்தது என்பதற்காக அதிற் பொருளில்லை என்று முடிவு கட்டலாகாது. இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி எண்ணுகின்றனர். பெண்ணுக்கு வீடு சீதனமாகச் செல்கின்றது. மணமகன் பெண் வீட்டுக்கு வருகின்றான். கோயில் உரிமையும் பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் குடிகளின் வழியே பகிரப்பட்டு வந்தன. இரு சமூகத்துக்கும் பொதுவான இவ்வழக்கு ஏதோ ஒரு காலத்து மண உறவின் சுவடாகத்தான் இருத்தல் வேண்டும். போர் நடந்ததோ இல்லையோ, திருமணங்கள் நடந்தன. கதையின் உடல் கற்பனையாயினும் எலும்பு உண்மை எனலாம்.

இவ்வூர்ப்பெயர்களின் மேல் இன்னொரு படலம் பிற்காலத்தில் விழுந்தது. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். அதன் பின் அப்பெயரைக் கேட்கும் எவருக்கும் முக்குவரோ திமிலரோ நினைவில் வருவதில்லை. 1990 என்னும் எண்ணே இக்கரையில் அயலயலே வாழும் இரு சமூகத்தாருக்கும் வேறு வேறு வீடுகளை, வேறு வேறு பிணங்களைக் குறிக்கின்றது. மண உறவைக் கூறும் பழங்கதையை இளையோர் மறந்தது இப்பின்னணியிலேதான். மறதிக்கும் காரணங்கள் உண்டு.

எழுத்துச் சான்றை நாடுவோர் போர்த்துக்கேயரிடம் செல்வர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர் என்றும், கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்பிற் குடியேற்றினான் என்றும் பாதிரியார் குவேறோஸ் எழுதினார். இந்நாலாயிரம் என்னும் எண் பின்வந்த நூல் ஒவ்வொன்றிலும் ஏறிற்று. மேடைப் பேச்சிலும் ஏறிற்று. ஆயின் குவேறோஸ் கோவாவிலிருந்து எழுதி, 1687இல் தம் நூலை முடித்தார். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டு. அவர் கையிலிருந்தவை பிறர் விட்டுச்சென்ற கடிதங்களும் முதியோர் கூற்றுக்களும். நூலோ 1916இற்றான் அச்சேறியது, எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வந்தது. ஆகவே ஆவணம் என்று நாம் மதிப்பதும் ஒருவகை நினைவே; மையில் தோய்ந்த நினைவு. துனிசியாவிற் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முன்னுரையில், படைகளின் எண்ணும் பணத்தின் எண்ணும் கூறுமிடத்து வரலாற்றாசிரியர் மிகையாகவே கூறுவர், அவ்வளவு பேர் அந்நிலத்தில் நிற்க முடியுமா என்று முதலிற் கேட்க வேண்டும் என்று எச்சரித்தார். செனரத் மன்னன் குடியேற்றியதை ஐயுற வேண்டியதில்லை. நாலாயிரம் என்பதைச் சற்றுத் தொலைவில் வைத்தல் நன்று. மேலும், குடியேற்றம் ஒன்று நடந்தது என்பதால் அதற்கு முன் இக்கரையில் முஸ்லிம்கள் எவரும் இலர் என்று ஆகாது. பலர் அவ்வாறு படித்துவிட்டனர். "வந்தவர்" என்றும் "இருந்தவர்" என்றும் காணி வழக்கிலும் தேர்தல் மேடையிலும் பேசப்படும் சொற்களின் பின்னே இத்தகைய வாசிப்புக்களே நிற்கின்றன.

தமிழ் மூலங்களும் உண்டு. எவ். எக்ஸ். சி. நடராசா ஏட்டுப் பிரதிகளிலிருந்து 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அவற்றுட் சிறந்தது. அதிற் குடிகளின் வரிசையும் கோயில் உரிமைகளும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. மன்னர் ஆண்டுகளை அப்படியே ஏற்றல் இயலாது. உரிமையைக் காக்க எழுதிய நூலில் உரிமை தெளிவாக இருப்பதும், ஆண்டு தெளிவின்றி இருப்பதும் இயல்பு.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடு குறிப்பிடத்தக்கது. நினைவை நம்பத்தக்கதாக்கும் கலையில் உலகின் எந்தச் சமூகத்துக்கும் முஸ்லிம் அறிஞர் பின்தங்கியவரல்லர். நபிமொழி ஒன்றைக் கூறுபவர் தாம் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி முழுவதையும் கூறல் வேண்டும். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஆராயப்பட்டது. இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, சந்தித்தனரா, கூறியவர் நினைவாற்றல் உடையவரா, முதுமையில் அவர் நினைவு குன்றியதா என்றெல்லாம் கேட்டனர். 870ஆம் ஆண்டில் மறைந்த இமாம் புகாரி தாம் திரட்டியவற்றுட் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டே தம் நூலைத் தொகுத்தார். மாவடிப்பள்ளி போன்ற ஊர்களிற் சிறுவர் ஓதக் கற்கும் இடங்களில் இம்மரபு அறியப்பட்டதே. ஆயினும் அதே ஊரின் வரலாறு என்று வரும்போது "முன்னோர் சொல்வார்கள்" என்னும் ஒரு கண்ணியோடு சங்கிலி முடிந்துவிடுகின்றது. எந்த முன்னோர், யாரிடம் கேட்டார் என்று எவரும் வினவுவதில்லை.

வினவினால் விடை பெரும்பாலும் பெண்களிடம் கிடைக்கும். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதால், ஒரு வளவின் நினைவு அவ்வளவிலேயே பிறந்து வாழ்ந்து முதிர்ந்த மூத்தம்மாவிடம் தங்குகின்றது. ஆண் வேறொரு வளவிலிருந்து வந்தவன். எந்த அறை எந்த மகளுக்காகக் கட்டப்பட்டது, எந்தக் கிணறு எந்த மாரியில் இடிந்தது, எந்தத் தென்னை எந்தப் புயலில் விழுந்தது என்பவற்றை அவர்களே கோவையாகக் கூறுவர். இக்கரை முஸ்லிம் பெண்கள் பாடிய நாட்டுக் கவிகளிலும் இத்தகைய செய்திகள் உறைந்துள்ளன, நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் திரட்டி அச்சேற்றினர். பள்ளிவாசற் பதிவேட்டில் ஏறியவையோ மரைக்காயரின் பெயர்கள்.

நினைவிலிருந்து போன ஒன்றை மீண்டும் மெய்ப்பொருளாக்க முயன்றவர் ஒருவர் மாவடிப்பள்ளிக்கு அயலூரிலேயே பிறந்தார். 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், எவரும் கண்ணாற் கண்டிராத, செவியாற் கேட்டிராத யாழ் என்னும் இசைக்கருவியைச் சிலப்பதிகாரத்தின் சொற்களையும் உரைகளையும் கணிதத்தையும் கொண்டு மறுபடி அமைத்தார். யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் மறைந்தார். அவர் அமைத்த யாழ் பழைய யாழ்தானா? அதனோடு ஒப்பிட ஒரு பழைய யாழேனும் எஞ்சவில்லை. ஆனால் அவர் எங்கிருந்து எதனை எடுத்தார், எவ்வாறு கணக்கிட்டார் என்பது ஒவ்வொரு படியாக நூலில் உள்ளது. மறுக்க விரும்புபவர் அப்படிகளில் ஏறியே மறுத்தல் வேண்டும். ஊர்வரலாறு எழுத முனைவோர் காரைதீவு வரை நடந்து இதனைக் கற்று வரலாம்.

நினைவு உயிர் காப்பதும் உண்டு, காக்கத் தவறுவதும் உண்டு. 1883 ஆகஸ்டு 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கைக் கரையையும் அடைந்தன. இன்றைய அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாணமைப் பகுதியில் ஒரு பெண் அதனால் உயிரிழந்ததாகப் பதிவாகியுள்ளது. ஒரே ஒரு பெண். ஆதலால் அது கதையாகவில்லை. அம்பாந்தோட்டைக்கு அருகே கரகன் களப்பின் அடிச்சேற்றைத் துளையிட்டு ஆராய்ந்தோர், கடல் பலமுறை உட்புகுந்து விட்டுச்சென்ற மணற்படைகளை ஏழாயிரம் ஆண்டுக் காலத்தினுள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்டனர். சேறு மறக்கவில்லை. மனிதர் மறந்தனர். 2004இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் நீர் வந்தபோது அதற்கு இடுவதற்குத் தமிழில் வழக்கிலுள்ள ஒரு பெயர்கூட இருக்கவில்லை. "கடல் வந்துவிட்டது" என்றே கூவினர். நாட்டில் இறந்த முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோருள் அம்பாறை மாவட்டத்தவரே மிகப் பலர், பத்தாயிரத்துக்கு மேல்.

சுமாத்திராவுக்கு அப்பால் உள்ள சிமெலு என்னும் தீவில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. 1907 சனவரியில், மட்டக்களப்பிற் சூறாவளி வீசுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அத்தீவைப் பேரலை ஒன்று அழித்தது. அதனை "சிமோங்" என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் கதையிலும் வைத்தனர்: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு என்பதே செய்தி. 2004இல் நடுக்கத்தின் மிக அருகில் இருந்த அத்தீவில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுள் இறந்தோர் எழுவர் அளவினரே. இவ்வொப்பீட்டைக் கூறுவோர் ஒன்றை விட்டுவிடுவர். இலங்கையின் கிழக்குக் கரையில் நிலம் ஓடத்தூண்டும்படி ஆடவில்லை. கடலும் முதலில் வற்றவில்லை. முதலில் வந்தது அலையேதான். சிமெலுவின் பாட்டு கல்முனையிற் பாடப்பட்டிருப்பினும் அதே சொற்களால் முழுப்பயன் விளைந்திராது. ஒவ்வொரு கரைக்கும் அதன் சொந்த நினைவு வேண்டும்.

மாவடிப்பள்ளியின் அச்சம் கடலன்று; வயல்மேல் வரும் மாரி வெள்ளம். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதி நீரில் மூழ்குவதை ஊரார் நெடுங்காலமாக அறிவர். 2024 நவம்பர் 26ஆம் நாள், வெள்ளங் காரணமாக அரபுக் கல்லூரியொன்றிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அவ்வீதியில் வெள்ளத்தால் இழுத்துச் செல்லப்பட்டது. சிலர் மீட்கப்பட்டனர், சிறுவர் சிலரின் உடல்கள் அடுத்த நாள்களில் வயல்வெளியிலிருந்து எடுக்கப்பட்டன. 1978இன் சூறாவளி நவம்பர் 23இல் வந்தது, இவ்வெள்ளம் 26இல். சூரியக் கணக்கில் இரண்டும் அண்டை நாள்கள், ஒரே மாரியின் வேலை. சந்திரக் கணக்கில் அவை வேறு வேறு மாதத்தன: முன்னது துல்ஹஜ், பின்னது ஜமாதுல் அவ்வல் முடிவு, கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு முன்.

இறந்தோருக்காக ஆண்டுதோறும் கத்தம் ஓதும் வழக்கமுடைய வீடுகளில் நாள் குறிப்பது சந்திரக் கணக்கிலேதான். எனவே இம்மாணவரின் நினைவு நாள் ஆண்டுக்குப் பதினொரு நாளாக மழையை விட்டு நீங்கிச் செல்லும். 2040ஆம் ஆண்டளவில் அது ஜூன் மாதத்தில் வரும். அப்பொழுது கச்சான் வீச, வட்டையிற் சிறுபோகப் பயிர் நிற்க, மதகின் கீழ் நீர் முழங்காலளவுகூட இராது. 2057ஐ ஒட்டி அந்நாள் மறுபடியும் கார்த்திகை மழையினுள் வந்து சேரும். அவர்களோடு அன்று அவ்வீதியிற் சென்று பிழைத்த சிறுவர்கள் அப்பொழுது ஐம்பது வயதை அடுத்திருப்பர்.